தெருவுக்கு வருமுன் தடுக்கலாமே

ஆசிரியருக்கு,

வீடற்ற முதியவர்களுக்கு இரவுக் காப்பகங்கள் வேண்டும் என்கிறார்கள். வேண்டும்தான். ஆனால் அவர்கள் தெருவுக்கு வருமுன்பே தடுத்திருக்கலாமே என்பதுதான் என் ஆதங்கம்.

எங்கள் குடியிருப்பில் எழுபதைக் கடந்த ஓர் அம்மா, வீட்டைக் காலி செய்யச் சொன்ன கடிதத்தை மருந்துச் சீட்டுகளோடு ஒரே பிளாஸ்டிக் உறையில் மடித்து வைத்திருந்தார். வாடகை ஒப்பந்தம் கணவர் பெயரில். அவர் இறந்ததும் இரண்டு ஓய்வூதியம் ஒன்றானது. வாடகை மட்டும் குறையவில்லை. மூன்று மாத பாக்கி. யாரிடம் போய்க் கேட்பது என்று அவருக்குத் தெரியவில்லை, வெட்கம் வேறு.

துணையின் மறைவு, நீண்ட மருத்துவமனை வாசம், மறதி நோயால் கட்டாமல் விட்ட வாடகை எல்லாமே முன்கூட்டித் தெரியும் அறிகுறிகள். பாக்கி விழும் முதல் மாதமே அவசர வாடகை உதவி கிடைக்க வேண்டும். துணை இறந்தால் ஒப்பந்தம் மற்றவர் பெயருக்குத் தானாக மாற வேண்டும். டிஸ்சார்ஜ் எழுதும்போது, “இங்கிருந்து எங்கே போகிறீர்கள்?” என்று மருத்துவமனையில் ஒருவராவது கேட்க வேண்டும்.

முதியோர் இயன்றவரை தங்கள் வீட்டிலேயே வாழ முடியவேண்டும் என்பது, 1991-இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற முதியோருக்கான கோட்பாடுகளில் ஒன்று. அதற்கான செலவை வாடகை பாக்கி சிறிதாக இருக்கும்போதே செய்யுங்கள்.

– ஒரு வாசகர்