100 ஆழாக்கும் பன்னிரண்டரைப் படியும்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். போன வாரம் டானிங்டன் பக்கத்திலிருந்து ஒரு டீச்சரம்மா, கொட்டுகிற மழையில் குடை பிடித்துக்கொண்டு கடைக்கு வந்தார். செல்போனை நீட்டி, "தம்பி, மாசாமாசம் நூறுக்குப் பணம் கட்டுறேன். இதுல பதினொண்ணுதான் வருது. மீதி எங்கப்பா போச்சு?" என்றார். ஏதோ ஒரு ஃபைல் இறங்கிக்கொண்டிருந்தது. 11.6 என்று எண். அதையடுத்து ஆங்கிலத்தில் ஒரு எம், ஒரு பெரிய பி, ஒரு சாய்கோடு, ஒரு எஸ்.

அவர் கேட்டதில் தப்பில்லை. தப்பு எங்கள் நோட்டீஸில்தான். 'நூறு எம்பி வேகம்' என்று அச்சடித்து வீடு வீடாகக் கொடுத்தது நாங்கள். மாதத்துக்கு நாலைந்து பேராவது இதையே கேட்கிறார்கள் என்பதால் எல்லோருக்கும் சேர்த்தே எழுதிவிடுகிறோம்.

ஆங்கிலத்தில் சின்ன பி போட்டால் பிட், பெரிய பி போட்டால் பைட். இரண்டுமே கம்ப்யூட்டர் தகவலை அளக்கும் அளவுகள். தமிழில் ஏது சின்ன எழுத்தும் பெரிய எழுத்தும்? இரண்டையுமே எம்பிபிஎஸ் என்கிறோம். டாக்டர் படிப்பும் அதேதான்! ஆனால் ஒரு பைட்டுக்கு எட்டு பிட். வீட்டுப் பரணில் பழைய பித்தளைப் படி கிடந்தால் எடுத்துப் பாருங்கள். இரண்டு ஆழாக்கு ஒரு உழக்கு, இரண்டு உழக்கு ஒரு உரி, இரண்டு உரி ஒரு படி. ஆக, படிக்கு எட்டு ஆழாக்கு. பிட் ஆழாக்கு, பைட் படி. நாங்கள் விற்பது விநாடிக்கு 100 மெகா ஆழாக்கு (அந்த எம்தான் மெகா, அதாவது பத்து லட்சம்). உங்கள் செல்போன் அதைப் படியில் அளந்து காட்டுகிறது. நூறை எட்டால் வகுத்தால் பன்னிரண்டரை.

சரி, பன்னிரண்டரை வராமல் 11.6 ஏன்? ஃபைல் ஒரே மூட்டையாக வருவதில்லை. சின்னச் சின்னப் பொட்டலங்களாகப் பிரிந்து வருகிறது. ஒரு பொட்டலத்தில் அதிகபட்சம் 1500 பைட். ஒவ்வொன்றிலும் அனுப்பியவர், பெறுபவர் விலாசம், வரிசை எண் எல்லாம் ஒட்ட வேண்டும். அந்தச் சீட்டுகளுக்கே நூற்றுக்கு ஐந்து பங்கு போய்விடுகிறது. லைன் முழு வேகத்தில் ஓடினாலும் 11.8 அளவுக்குத்தான் கையில் கிடைக்கும். டீச்சரம்மாவின் லைனில் ஒரு குறையும் இல்லை.

பிட்டில் அளப்பது விற்பவர்களின் தந்திரம் என்று சிலர் நினைக்கிறார்கள். பெரிய எண்ணாகத் தெரிவது எங்களுக்கு வசதிதான், அதை மறைப்பானேன்! ஆனால் அந்த வழக்கம் எங்களுக்கெல்லாம் முந்தியது. கம்பியில் போவது பிட்தான், ஒன்றன் பின் ஒன்றாக. பழைய கம்ப்யூட்டர்களில் ஒரு பைட்டுக்கு எத்தனை பிட் என்பதே மெஷினுக்கு மெஷின் மாறும். அதனால் தொலைபேசிக்காரர்கள் பிட்டிலேயே கணக்கு வைத்தார்கள். பைட் எண்ணுவது ஃபைலைச் சேமித்து வைக்கிற இடத்தில். ஒரு வேடிக்கை: இன்று வழக்கத்தில் உள்ள யூனிகோடு முறையில் கோத்தகிரி என்று தமிழில் எழுதினால் 27 பைட், அதாவது 216 பிட். ஆங்கிலத்தில் எழுதினால் எட்டே பைட்.

2004இல் மத்திய அரசு 'பிராட்பேண்ட்' என்று சொல்லக் குறைந்தபட்ச வேகமாக வைத்தது 256 கிலோபிட். எட்டால் வகுத்தால் விநாடிக்கு 32 கிலோபைட். அதற்கும் முன்னால், கீச்சென்று கத்தும் 56 கிலோபிட் மோடத்தில் 7 கிலோபைட். 3 மெகாபைட் பாட்டு ஒன்று இறங்க ஏழு நிமிஷத்துக்கு மேல் ஆகும். நடுவில் யாராவது போனை எடுத்தால் முதலிலிருந்து. 2023இல் அந்தக் குறைந்தபட்சம் 2 மெகாபிட் ஆனது.

இப்போது உங்கள் கணக்குக்கு வருவோம். ஹெத்தையம்மன் பண்டிகை வீடியோ 4 ஜிபி (ஜிகாபைட்), அதைச் சென்னையில் இருக்கும் மகனுக்கு அனுப்ப வேண்டும் என்று வையுங்கள். அனுப்பும் வேகம் 20 மெகாபிட் என்றால் விநாடிக்கு இரண்டரை மெகாபைட். 4000 மெகாபைட்டை இரண்டரையால் வகுத்தால் 1600 விநாடி, சுமார் 27 நிமிஷம். இங்கே கிலோ, மெகா எல்லாம் ஆயிரத்தின் மடங்குதான். 1024இன் மடங்கு சில கம்ப்யூட்டர்களின் பழக்கம். 1 டிபி, அதாவது ஆயிரம் ஜிபி டிஸ்க்கைச் செருகினால் 931 ஜிபி என்று காட்டுவது அதனால்தான். கடைக்காரர் ஏமாற்றவில்லை.

ஹோம்ஸ்டே நடத்துபவர்கள் இதைக் கொஞ்சம் கவனித்துப் படியுங்கள். மெகாபிட் வேகத்தை 0.45ஆல் பெருக்கினால் ஒரு மணி நேரத்துக்கு எத்தனை ஜிபி செலவு என்று வந்துவிடும். 2 மெகாபிட்டில் இரவு பகலாக வெளியே அனுப்பிக்கொண்டிருக்கும் ஒரே ஒரு கேமரா நாளொன்றுக்கு 21.6 ஜிபி தின்னும். முப்பது நாளில் 648 ஜிபி. காட்டெருமை தோட்டத்துக்குள் வருவதைப் பார்க்க நாலு கேமரா மாட்டிவிட்டு, "யாருமே நெட் பார்க்கல, டேட்டா எப்படித் தீர்ந்தது?" என்று எங்களிடம் சண்டைக்கு வந்தவர் உண்டு. அசைவு தெரிந்தால் மட்டும் அனுப்பும்படி கேமராவில் மாற்றிக்கொள்ளலாம். கூப்பிட்டால் பையன் வந்து செய்து கொடுப்பான், காசு வேண்டாம்.

அடுத்த மாத பில்லிலிருந்து 'எம்பி' என்ற சொல் இருக்காது. '100 மெகாபிட், அதாவது விநாடிக்கு 12.5 மெகாபைட் வரை' என்று இரண்டையும் முழுசாக எழுதிவிடுகிறோம்.

வேகம் குறைகிறது என்று சொல்ல வருமுன் ஒரு காரியம் செய்யுங்கள். ரவுட்டரிலிருந்து லேப்டாப்புக்கு நேராகக் கேபிள் போட்டுப் பாருங்கள். பழைய கருங்கல் பங்களாக்களின் சுவரைத் தாண்டுவதற்குள் வைஃபை பாதி செத்துவிடும். 200 மெகாபிட் திட்டத்தில் இருப்பவர்களுக்குக் கேபிளிலும் 95 மெகாபிட்டைத் தாண்டவில்லை என்றால் ரவுட்டர் பழசாக இருக்கலாம், அதில் கேபிள் செருகும் துளையே நூறுக்கு மேல் விடாது. மற்றபடி வகுத்துப் பார்த்தும் குறைந்தால் தப்பு எங்கள் பக்கம்தான்; உடனே சொல்லுங்கள். போன் செய்யும்போது எண்ணை மட்டும் சொல்லாதீர்கள். பக்கத்தில் இருப்பது சின்ன பியா, பெரிய பியா என்பதையும் பார்த்துச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் கேபிள், இன்டர்நெட் கடைக்காரர்கள்
கோத்தகிரி