கடலுக்கு வேலி இல்லை என்பதால் இறால் எல்லாம் ஒன்றாகிவிடாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் இறால் ஏற்றுமதி பற்றி வந்த கட்டுரையில், “கடலுக்கு வேலி கிடையாது, நம் கரையில் எங்கு பிடித்தாலும் இறால் ஒன்றுதான்” என்று ஒரு வரி இருக்கிறது. அதைப் படித்த பிறகு இரண்டு நாட்களாக எனக்கு வேறு எதிலும் மனம் செல்லவில்லை. இதே சொல்லை வேலை பார்த்த இடத்தில் நேருக்கு நேர் கேட்டவள் நான்.

மும்பையில் ஓர் ஆய்வுக்கூடத்தில் உதவியாளராகப் பல ஆண்டுகள் இருந்தேன். தூத்துக்குடி, நாகப்பட்டினம், ரத்னகிரி என்று பல ஊர்களிலிருந்து வரும், உடலில் புலிபோல் வரிகள் கொண்ட வரி இறாலின் நீந்துகாலில் மரபணுச் சோதனைக்காகச் சிறு துண்டை நறுக்கி, எத்தனால் நிரப்பிய குழாயில் இட்டு, ஊரும் தேதியும் எழுதிய சீட்டை உள்ளேயே போட்டு மூடுவது என் வேலை. எத்தனால் பட்டால் பேனா மை கரைந்துவிடும். ஆகவே பென்சிலால்தான் எழுத வேண்டும். ஒரு மழைக்காலத்தில் நான் ஊருக்குப் போயிருந்தபோது, வந்து சேர்ந்த மாதிரிகளுக்குச் சீட்டுப் போடாமல் குழாய்களின் மேல் பேனாவால் எழுதி வைத்துவிட்டார்கள். திரும்பி வந்து பெட்டியைத் திறந்தால் எல்லாக் குழாயிலும் நீலக் கறைதான் இருந்தது. எது தூத்துக்குடி, எது ரத்னகிரி என்று சொல்ல வழியே இல்லை. பொறுப்பில் இருந்தவரிடம் முறையிட்டேன். “எல்லாம் இறால்தானேம்மா, பாதிப் பாதியாகப் பிரித்து எழுதிவிடுங்கள்” என்றார். நான் எழுத மறுத்தேன். அதன்பின் மாதிரிகள் என் கைக்கு வருவது நின்றுபோனது.

தங்களுக்குத் தெரியாததல்ல. கடலில் பொரிக்கும் இறால் குஞ்சு இரண்டு மூன்று வாரங்கள் நீரோட்டத்தோடு மிதந்து, கழிமுகத்துக்குள் புகுந்து வளர்ந்து, இனம் பெருக்கக் கடலுக்கே திரும்புகிறது. அந்தச் சில வாரங்களில் அது எவ்வளவு தூரம் போகும் என்பதை நீரோட்டமே முடிவு செய்கிறது. நம் கிழக்குக் கரையோர நீரோட்டமோ பருவக்காற்றை ஒட்டி ஆண்டுக்கு இருமுறை திசை மாறுவது. ஆப்பிரிக்கக் கரையின் வரி இறாலும் தென்கிழக்கு ஆசியா, ஆஸ்திரேலியா பக்கத்து வரி இறாலும் பெயரளவில் ஒரே இனம் என்றாலும், தாய்வழியில் மட்டும் இறங்கும் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.வைப் பார்த்தால் அவை தனித்தனிக் கிளைகளாக நிற்பது இருபது ஆண்டுகளுக்கு முன்பே வெளியான செய்தி. அருகருகே உள்ள கரைகளில் இந்த வேறுபாடு மிகச் சிறியதாக இருக்கும் என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். தலைமுறைக்குச் சில இறால்கள் இடம் மாறிக் கலந்தாலே பெரும்பகுதி வேறுபாடு மங்கிவிடும். அதனால்தான் ஊருக்கு ஊர் ஏராளமான மாதிரிகள் வேண்டியிருக்கிறது. அதனால்தான் ஒரு சீட்டு அழிந்தாலும் வயிறு எரிகிறது. பத்து இறாலைச் சோதித்துவிட்டு வேறுபாடு தெரியவில்லை என்று சொல்லலாம், இல்லை என்று சொல்லக்கூடாது.

அதே கட்டுரையில் ‘வரி இறால்’ என்று அடிக்குறிப்பிட்டு, உடலில் ஒரு வரிகூட இல்லாத வனாமி என்ற வேறு இன இறாலின் படத்தை அச்சிட்டிருக்கிறீர்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பும் இதே தவறு நேர்ந்தது. அன்று நான் எழுதிய கடிதத்துக்குப் பதில் வரவில்லை. பசிபிக் பெருங்கடலின் அமெரிக்கக் கரையைச் சேர்ந்த வனாமியை நம் பண்ணைகளில் வளர்க்க 2009இல் அனுமதி கிடைத்தது. அதையும் நம் கடலிலேயே பிறந்து வளரும் இந்திய வெள்ளை இறாலையும் ‘வெள்ளை இறால்’ என்ற ஒரே பெயரால் எழுதிக்கொண்டே வருகிறீர்கள். செம்பூர்ச் சந்தையில் மீன் விற்கும் அம்மா எல்லாவற்றையும் மராத்தியில் ‘கோலம்பி’ (இறால்) என்றுதான் கூவுகிறார். குழம்புக்கு அது போதும். பத்திரிகைக்குப் போதாது என்று நினைக்கிறேன்.

ஒரு தாய் வரி இறால் ஒரே ஈட்டில் லட்சக்கணக்கில் முட்டையிடும் என்பதால், விரல்விட்டு எண்ணக்கூடிய தாய் இறால்களை வைத்தே ஒரு பொரிப்பகம் எத்தனையோ குளங்களை நிரப்பிவிட முடியும். குளம் குளமாக உடன்பிறப்புகள். அவற்றுக்குள் மரபணு வேறுபாடு குறைவு. இந்திய வெள்ளை இறாலைத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து மேம்படுத்தும் பணியைச் சென்னையில் உள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் இப்போது மேற்கொண்டிருக்கிறது. அந்தத் தேர்வுக்கு விதைநெல், கடலில் இன்னும் கரைக்குக் கரை மிஞ்சியிருக்கும் மரபணு வேறுபாடுதான். எல்லாம் ஒன்றே என்று எழுதினால், எங்கிருந்து எதை எடுத்து எங்கே கொண்டுபோய் விட்டாலும் குற்றமில்லை என்றுதானே படிப்பவர்கள் எண்ணுவார்கள்?

அடுத்த இதழில் அந்தப் படத்தின் அடிக்குறிப்பை ‘வனாமி’ என்று திருத்தி வெளியிடுங்கள். இனி இறால் படம் போடும்போது, பிடித்த கரை அல்லது வளர்த்த ஊரின் பெயரையும் சேர்த்துக் குறிப்பிடும்படி தங்களைப் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் நெடுநாள் வாசகி,
செம்பூர், மும்பை