சம்பளத்துக்காக 44 ஆண்டுகள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போர்களைப் பற்றி எழுதும்போது, போர் முடிந்தபின் வீரருக்குச் சேரவேண்டிய சம்பளம் என்ன ஆனது என்பதையும் உங்கள் நாளிதழ் எழுத வேண்டும். அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநில வரலாறு இதற்கு நல்ல உதாரணம்.

1855 டிசம்பரில், அங்கே வாழ்ந்த செமினோல் பழங்குடி மக்களுடன் அமெரிக்கா நடத்திய மூன்றாவது செமினோல் போர் மூண்டது. ஆளுநர் ஜேம்ஸ் புரூம் உள்ளூர் ஆட்களைத் திரட்டிப் படைப்பிரிவுகள் அமைத்தார். மத்திய அரசு அவற்றில் சிலவற்றை மட்டுமே தன் படையில் சேர்த்துக்கொண்டது. சரி, மற்றவர்களுக்குச் சம்பளம் யார் கொடுப்பது? மாநில அரசு கடன் வாங்கியது. அந்தச் செலவைத் திருப்பித் தரும்படி வாஷிங்டனிடம் கேட்டது. போர் 1858இல் முடிந்தது, கணக்கு முடியவில்லை. இடையில் உள்நாட்டுப் போரே வந்து போய்விட்டது. ஆளுநர் ஜென்னிங்ஸ் காலத்தில், 1902இல்தான் தீர்வு கிடைத்தது.

ஓய்வூதியத்திலும் இதே கதைதான். 1832 முதல் 1842 வரை பழங்குடி மக்களுடன் நடந்த போர்களில் பணியாற்றியோருக்கு மாதம் 8 டாலர் ஓய்வூதியம் தரும் சட்டமே 1892இல்தான் வந்தது. மூன்றாவது செமினோல் போரின் வீரர்கள் அந்தச் சட்டத்தின் கீழ் வர மேலும் பத்து ஆண்டுகள் ஆயின. இருபது வயதில் துப்பாக்கி ஏந்தியவர் அப்போது அறுபதைத் தாண்டிய கிழவர். எத்தனை பேர் அதற்குள் இறந்திருப்பார்கள் என்று நினைத்தாலே மனம் கனக்கிறது.

சொந்த மண்ணிலிருந்து விரட்டப்பட்ட செமினோல் மக்களின் இழப்பு இதைவிடப் பெரியது. அதையும் சேர்த்தே எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்