ஜாமீன்தாரருக்கும் ஒரு தாள் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வணிகம், கடன், சட்டம் தொடர்பான சொற்களை எளிய தமிழில் விளக்கும் தங்கள் பகுதியைத் தொடர்ந்து படித்து வருகிறேன். அதில் ஜாமீன்தாரர் என்பவர், கடன் வாங்கியவர் கட்டத் தவறினால் கட்ட வேண்டியவர் என்று கூறப்பட்டிருந்தது. தவறில்லை. ஆனால் அந்த ஒரு வரியோடு நிறுத்திக்கொண்டால், வங்கி முதலில் கடன்தாரரைத்தான் நெருக்கும், அவருடைய சொத்தெல்லாம் ஏலம் போன பிறகே நம்மிடம் வரும் என்று படிப்பவர் எண்ணிக்கொள்வார். ஜாமீன் போட்டவர்களில் பெரும்பாலோர் இப்படித்தான் நம்பியிருந்தார்கள் என்பதை, வங்கியின் கடன் பிரிவில் பணியாற்றிய காலம் முழுவதும் பார்த்திருக்கிறேன்.

ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லப்படாத வரையில், ஜாமீன்தாரரின் பொறுப்பு கடன்தாரரின் பொறுப்புக்குச் சமமானது என்கிறது 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128ஆம் பிரிவு. இவரிடம் முதலில், அவரிடம் பிறகு என்ற வரிசையே அதில் இல்லை. பீகார் வங்கி தொடர்ந்த வழக்கொன்றில், கடன்தாரரிடம் எல்லா வழிகளிலும் வசூலிக்க முயன்ற பிறகே ஜாமீன்தாரரிடம் போகலாம் என்று விதிக்கப்பட்ட நிபந்தனையை, அது ஜாமீன் வாங்குவதன் நோக்கத்தையே கெடுத்துவிடும் என்று கூறி 1968இல் உச்ச நீதிமன்றம் நீக்கியது. வாராக் கடனை வசூலிக்க வங்கிகளுக்கு அதிகாரம் தரும் 2002ஆம் ஆண்டு சர்ஃபேசி சட்டத்திலோ, கடன் பெற்றவர் என்பதன் வரையறைக்குள்ளேயே ஜாமீன்தாரரும் அடங்கிவிடுகிறார். அவர் தம் வீட்டை ஈடாக எழுதிக் கொடுத்திருந்தால், வழக்குப் போடாமலேயே வங்கி அதன்மீது நடவடிக்கை எடுக்கலாம் (விவசாய நிலத்துக்கு அச்சட்டம் பொருந்தாது).

கையெழுத்து வாங்கப்படும் விதத்தையும் சொல்ல வேண்டும். ஊழியர் பென்சிலால் பெருக்கல் குறி போட்டு வைத்திருக்கும் இடங்களிலெல்லாம் பக்கம் பக்கமாகக் கையெழுத்துப் போட வேண்டும். “சும்மா ஒரு ஃபார்மாலிட்டிதான் மாமா” என்று அக்கா மகன் அருகில் நின்று தாளைப் புரட்டிக் கொடுப்பான். சில ஆண்டுகள் கழித்து, தம் மகளின் கல்விக் கடனுக்காக மாமா வங்கிக்குப் போகும்போது, அவருடைய கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையிலேயே அந்தப் பையனின் நிலுவை நிற்கும்.

சட்டம் ஜாமீன்தாரரை அடியோடு கைவிட்டுவிடவில்லை. அவருடைய சம்மதம் இல்லாமல் கடன் நிபந்தனைகளை மாற்றினால், மாற்றத்துக்குப் பிந்தைய கொடுக்கல் வாங்கலுக்கு அவர் பொறுப்பாகமாட்டார் என்கிறது ஒப்பந்தச் சட்டத்தின் 133ஆம் பிரிவு. ஆனால் அந்தப் பாதுகாப்பை விட்டுக்கொடுப்பதாக ஒரு பத்தி, பொடி எழுத்தில், வங்கிகளின் அச்சுப் படிவத்தில் பெரும்பாலும் இருக்கும். கடனை முழுவதும் கட்டித் தீர்த்த ஜாமீன்தாரருக்கு, கடன்தாரர்மீது வங்கிக்கு இருந்த உரிமைகள் வந்துசேரும் என்று 140ஆம் பிரிவும், ஜாமீன் ஏற்ற வேளையில் வங்கியிடம் இருந்த ஈடுகளின் பயன் கிடைக்கும் என்று 141ஆம் பிரிவும் சொல்கின்றன. பணத்தைக் கட்டிவிட்டு உறவினரோடு பேச்சுவார்த்தையை முறித்துக்கொள்கிறவர்கள்தாம் அதிகம். வங்கியிடம் என்ன ஈடு இருந்தது என்று கேட்டு வந்தவர்கள் மிகச் சிலரே.

2024 அக்டோபர் 1 முதல் வழங்கப்படும் சில்லறைக் கடன்களுக்கும் சிறு, குறு, நடுத்தரத் தொழில்களுக்கான தவணைக் கடன்களுக்கும், வட்டி, கட்டணங்கள் அனைத்தையும் அடக்கிய முக்கிய விவரத் தாளைக் கடன் பெறுபவருக்குப் புரியும் மொழியில் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதித்துள்ளது. அதேபோல் ஜாமீன்தாரருக்கும் தமிழில் தனியாக ஒரு தாளைக் கையெழுத்துக்கு முன்பே கொடுக்க வேண்டும். எவ்வளவு தொகைக்குப் பொறுப்பேற்கிறார், எந்தெந்தச் சட்டப் பாதுகாப்பை விட்டுக்கொடுக்கிறார், தவணை தவறினால் அவருக்கு எத்தனை நாளில் தகவல் வரும் என்ற மூன்று விவரங்களாவது அதில் இருக்க வேண்டும். இந்தக் கோரிக்கையைத் தங்கள் இதழ் வங்கிகளின் கவனத்துக்குக் கொண்டுசெல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்,
கும்பகோணம்.