பெட்டியின் மேல் ஒரு வரி அச்சிட முடியாதா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தீபாவளிக்கு முந்தைய வாரம் தங்கள் நாளிதழில் முழுப்பக்கத்துக்கு வந்திருந்த தொலைக்காட்சி விளம்பரத்தைப் பார்த்துத்தான் கடைக்குப் போனேன். 55 அங்குலம், 4 கே (மிக நுணுக்கமான படம்), 120 என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் 32 அங்குலத்துக்கு மேற்பட்ட தொலைக்காட்சிகளுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்ததால், ஒன்றரை ஆண்டாகத் தள்ளிப்போட்டதை இந்தத் தீபாவளிக்கு வாங்கிவிடுவது என்று வீட்டில் முடிவு செய்திருந்தோம்.

எனக்குத் தொலைக்காட்சி பார்க்க வேண்டும் என்ற ஆசை பெரிதாக இல்லை. பேரனுக்காக வாங்கினேன். கல்லூரியில் முதலாண்டு படிக்கிறான். பாகம் பாகமாக வாங்கி அவனே பூட்டிய கம்ப்யூட்டர் ஒன்று பின்னறையில் இருக்கிறது. அதில் 19 அங்குலத் திரை. மாலையானால் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கதவைச் சாத்திவிடுவான். அவன் தங்கைக்கு அந்த அறையில் நாற்காலி போடக்கூட இடமில்லை. விளையாடுவதை நான் குறை சொல்லவில்லை. பிள்ளைகள் விளையாடட்டும், கூடத்தில், எல்லோரும் இருக்கும் இடத்தில், தங்கையும் ஒரு கன்ட்ரோலரைப் பிடித்துக்கொண்டு விளையாடட்டும் என்பதுதான் என் விருப்பம்.

கடையில் விற்பனையாளரிடம், "இதில் கம்ப்யூட்டரை மாட்டி விளையாட முடியுமா?" என்று கேட்டேன். "தாராளமாக மாட்டலாம் சார், எச்டிஎம்ஐ இருக்கிறது" என்றார். எச்டிஎம்ஐ என்பது படமும் ஒலியும் ஒரே கேபிளில் போகும் இணைப்பு. அந்தக் கேபிளைச் செருகும் மூன்று போர்ட்டுகளில் எது எவ்வளவு தாங்கும் என்று பேரன் கேட்டதற்கு அவரிடம் பதிலில்லை. அட்டைப்பெட்டியை நான்கு பக்கமும் திருப்பிப் பார்த்தோம். அதிலும் இல்லை. அந்தத் தம்பியின் மேல் எனக்கு வருத்தமில்லை. அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

நான் 1981 முதல் 2012 வரை சினிமா ஆபரேட்டராக இருந்தவன். டூரிங் டாக்கீஸில் புரொஜக்டருக்கு வெளிச்சம் தரும் கார்பன் குச்சியைத் தள்ளிப் பழகி, பிறகு நிரந்தரத் திரையரங்குக்கு வந்து, டிஜிட்டல் வந்த நாளில் இறங்கியவன். வினாடிக்கு 24 பிரேம் ஓடுவதை முப்பத்தோரு ஆண்டுகள் ஜன்னல் ஓட்டை வழியாகப் பார்த்த கண் இது. அதனால்தான் அன்று மாலை படம் வந்தவுடனே ஏதோ சரியில்லை என்று தெரிந்துவிட்டது.

முதலில் மவுஸ் அம்பு. இழுத்த இடத்துக்கு வழுக்கிக்கொண்டு போகாமல் தத்தித் தத்திப் போனது. செட்டிங்ஸில் பார்த்தால் வினாடிக்கு 30 படம் என்று காட்டியது. பழைய செட்டாப் பாக்ஸோடு வந்த கேபிளை மாட்டியிருந்தோம். அதன் மேல் ஓர் எழுத்தும் இல்லை. 2009-இல் வந்த எச்டிஎம்ஐ 1.4-இல் 4 கே படம் வினாடிக்கு 30 முறைதான் போகும். 2013-இல் வந்த 2.0-இல் 60, 2017-இல் வந்த 2.1-இல் 120 வரை போகும். 'அல்ட்ரா ஹை ஸ்பீடு' என்று முத்திரை ஒட்டிய புதுக் கேபிள் வாங்கி மாட்டினோம். அப்போதும் 30 மாறவில்லை. இரண்டு நாள் தேடிய பிறகுதான் தொலைக்காட்சி மெனுவின் அடியில், ஒவ்வொரு போர்ட்டுக்கும் தனித்தனியாக 'ஸ்டாண்டர்டு', 'என்ஹான்ஸ்டு' என்று ஒரு சுவிட்ச் இருப்பது தெரிந்தது. கடையிலிருந்து வரும்போதே ஸ்டாண்டர்டில்தான் வைத்திருக்கிறார்கள். மாற்றியதும் 60 வந்தது.

120 வரவே இல்லை. வராது. அந்தத் திரையே வினாடிக்கு 60 படங்களுக்கு மேல் காட்டாது. விளம்பரத்தில் இருந்த 120, தொலைக்காட்சி தானாகவே இரண்டு படங்களுக்கு நடுவே கற்பனையாகப் படங்களைச் செருகி அசைவை வழவழப்பாக்கும் வேலைக்கு நிறுவனம் வைத்துக்கொண்ட எண். வினாடிக்கு எத்தனை முறை என்பதைக் குறிக்கும் ஹெர்ட்ஸ் என்ற சொல் விளம்பரத்தில் எங்கும் இல்லை என்பதை வீட்டுக்கு வந்து பேப்பரை மறுபடி எடுத்துப் பார்த்தபோதுதான் கவனித்தேன். ஐயா, இது எனக்குக் கோபத்தைத் தருகிறது. சட்டப்படி பொய் சொல்லவில்லை என்று அவர்கள் வாதாடலாம். ஆனால் அந்த எண்ணை அவ்வளவு பெரிதாகப் போட்டது யாரை நம்பவைக்க?

மற்றவற்றையும் சொல்லிவிடுகிறேன், வாங்கப் போகிற வாசகர்களுக்குப் பயன்படும். திரையின் நான்கு ஓரமும் வெட்டுப்பட்டு, கீழே இருக்க வேண்டிய பட்டை பாதிதான் தெரிந்தது. பேரன் திகைத்தான், எனக்கு இது பழகிய சங்கதி. புரொஜக்டரில் பிலிம் மீது வெளிச்சம் விழும் 'கேட்' என்ற இடத்தில் ஒரு பித்தளைத் தகடு இருக்கும். அதன் நடுவிலுள்ள செவ்வகத் துளை பிலிமில் இருக்கும் படத்தைவிடக் கொஞ்சம் சிறியது. அந்தந்த அரங்கின் திரைக்குத் தக்கபடி நாங்களே அரத்தால் ராவிச் சரிசெய்வோம். ஓரத்து அழுக்கும் கோணலும் மக்கள் கண்ணில் படக் கூடாது என்பதற்காக. பழைய குழாய்த் தொலைக்காட்சிகளும் அதே காரணத்துக்காக ஓரத்தை மறைத்தன. தட்டைத் திரையில் கோணல் ஏது? பழக்கம் மட்டும் தொடர்கிறது. சினிமாவில் ஓரம் போனால் யாருக்கும் தெரியாது, கம்ப்யூட்டரில் பொத்தானே போய்விடும். 'ஜஸ்ட் ஸ்கேன்' என்றோ 'ஸ்கிரீன் ஃபிட்' என்றோ ஒரு பெயரில் அதை நிறுத்தும் வசதி இருக்கும். ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு பெயர் வைத்திருக்கிறது. அந்தப் போர்ட்டுக்குப் 'பிசி' என்று பெயர் மாற்றியதும், நீலத்தின் மேல் சிவப்பு எழுத்து அப்பியது போலத் தெரிந்ததும் எங்கள் பெட்டியில் சரியாயிற்று. கறுப்பு சாம்பலாக வெளிறியதற்குக் காரணம் வேறு: கம்ப்யூட்டர் கறுப்பிலிருந்து வெள்ளை வரை 16 முதல் 235 என்று அனுப்ப, தொலைக்காட்சி 0 முதல் 255 என்று எதிர்பார்த்தது. இரண்டையும் ஒன்றாக்கினால் போதும்.

இவையெல்லாம் பொறுத்துக்கொள்ளக்கூடிய குறைகள். அவனை மறுபடி பின்னறைக்கே அனுப்பப் பார்த்தது தாமதம்தான். கிரிக்கெட் விளையாட்டில் பொத்தானை அழுத்துகிறான். பந்து ஸ்டம்பைத் தாண்டிய பிறகு பேட் சுற்றுகிறது. "கூடத்தில் விளையாட முடியாது தாத்தா, நான் அறையிலேயே விளையாடிக்கொள்கிறேன்" என்று சொல்லிக்கொண்டே கேபிளைச் சுருட்ட ஆரம்பித்துவிட்டான்.

ஒரு நாள் பொறு என்றேன். 35 மில்லிமீட்டர் பிலிமில் படமும் அதற்குரிய ஒலியும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதில்லை. படத்தைவிட ஒலி சுமார் 20 பிரேம் முன்னால் இருக்கும். ஏனென்றால் படம் விழும் கேட் மேலே, ஒலியைப் படிக்கும் தலை கீழே. இடையில் பிலிமை எவ்வளவு தொங்கவிட வேண்டும் என்பது ஆபரேட்டரின் கணக்கு. அந்த லூப் ஒரு பிரேம் கூடினால் யாருக்கும் தெரியாது. நான்கைந்து கூடினால் நடிகரின் உதடு அடங்கிய பிறகு வசனம் வருகிறது என்று முன்வரிசையிலிருந்து சத்தம் வரும். ஆகவே கை ஒரு நேரமும் கண் ஒரு நேரமுமாக இருக்கிறது என்றால், நடுவில் எங்கோ பிரேம்கள் தேங்கி நிற்கின்றன என்று எனக்குத் தோன்றியது. உண்மையும் அதுதான். அசைவை வழவழப்பாக்க வேண்டுமானால் அடுத்த படம் வந்து சேரும் வரை தொலைக்காட்சி காத்திருந்தாக வேண்டும். வினாடிக்கு 60 என்னும்போது ஒரு படத்துக்கு 16.7 மில்லிவினாடி. ஆறு படங்களை நிறுத்திவைத்தால் பத்தில் ஒரு பங்கு வினாடி போய்விடுகிறது. வேகப்பந்தை அடிக்க அந்த நேரம் யாருக்கும் மிச்சமில்லை.

'கேம் மோட்' என்ற ஒன்றை இயக்கியதும் அந்த வேலைகளெல்லாம் நின்று, அடித்த நொடியில் பேட் சுற்றியது. நல்ல பெட்டிகளில் இந்தத் தாமதம் 10, 15 மில்லிவினாடிக்கு இறங்கும். (சினிமா பார்க்கும்போதும் அந்த வழவழப்பை நிறுத்திவிடுங்கள் என்று வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன். 24 பிரேமில் எடுத்த படத்துக்கென்று ஒரு நடை உண்டு. அதை நாடக மேடை போல ஆக்கிவிடுகிறார்கள்.) அன்றிரவு பேத்தி பந்து வீச, பேரன் ஆட, என் மனைவி ரன் எண்ணிக்கொண்டிருந்தாள். சாப்பாட்டுக்கு மணி பத்தானது.

எர்த் பற்றி எழுதாமல் இக்கடிதத்தை முடிக்க எனக்கு மனமில்லை. கம்ப்யூட்டரைக் கூடத்துக்குக் கொண்டுவந்த முதல் நாள், அதன் இரும்புப் பெட்டியைத் தொட்ட பேத்தி கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். சுருக்கென்றது என்றாள். ஆபரேட்டர் அறையில் தினமும் எர்த்தைச் சோதித்த பிறகே மோட்டாரைப் போடுவேன். என் வீட்டுக் கூடத்தில் இதைப் பார்க்காமல் விட்டிருக்கிறேன். மீட்டரை வைத்தால் பெட்டியில் 110 வோல்ட்டுக்கு மேல் காட்டியது. பிளக் பாயின்டைக் கழற்றினேன். மூன்று பின் இருக்கிறது. மூன்றாவது துளைக்கு வர வேண்டிய பச்சைக் கம்பி சுவரிலுள்ள பெட்டிக்குள் மடித்துச் செருகப்பட்டிருந்தது. கம்ப்யூட்டரின் பவர் சப்ளையில் இரைச்சலை வடிகட்டும் சிறிய கபாசிட்டர்கள் உண்டு. எர்த் இல்லையென்றால் அவை வழியாக ஏறக்குறைய பாதி மின்னழுத்தம் இரும்புப் பெட்டியில் வந்து நிற்கும். மின்னோட்டம் மிகக் குறைவு, பொதுவாக ஆளைக் கொல்லாது. ஆனால் தொலைக்காட்சிக்குப் பெரும்பாலும் இரண்டு பின்தான். கேபிள் டிவி கம்பி வேறு எங்கோ தரையைத் தொட்டு வந்திருக்கும். இந்த நிலையில் கம்ப்யூட்டரும் தொலைக்காட்சியும் ஓடிக்கொண்டிருக்கும்போதே எச்டிஎம்ஐ கேபிளைச் செருகினால், அந்த ஒரு நொடியில் போர்ட் போய்விடக்கூடும். எங்கள் தெருவிலேயே ஒரு வீட்டில் போயிருக்கிறது. தொலைக்காட்சி பழுது என்று நினைத்து போர்டையே மாற்றினார்கள். எர்த்தை யாரும் பார்க்கவில்லை.

மலையடிவாரத்தில் இருக்கும் எங்கள் ஊரில் ஐப்பசி இடி எப்படி இறங்கும் என்பது தெரிந்தவர்களுக்குத் தெரியும். இரண்டையும் அணைத்துவிட்டு மாட்டுங்கள். வானம் இருட்டும்போதே, இடி தொடங்கும் முன்பே கேபிள் டிவி கம்பியைக் கழற்றிவிடுங்கள்; இடி இடிக்கும்போது கம்பியைத் தொடாதீர்கள். எல்லாவற்றுக்கும் முன்பு, உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சோதியுங்கள். கரியும் உப்பும் போட்டு மூடிய எர்த் குழி காய்ந்து கிடந்தால் தண்ணீர் ஊற்றுங்கள். அறுபதாயிரம் ரூபாய்ப் பெட்டிக்கு முன்னால் இது ஒரு செலவே இல்லை.

இனி என் கோரிக்கை. தொலைக்காட்சி வந்த அட்டைப்பெட்டியை நான் எறியவில்லை. அதில் மின்சாரம் எவ்வளவு செலவாகும் என்பதற்கு நட்சத்திரம் அச்சிட்டிருக்கிறது. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவு எண் இருக்கிறது. அதிகபட்ச விலை இருக்கிறது. எங்கள் பணத்தையும் பாதுகாப்பையும் காக்கும் விவரங்கள் இவை, அச்சிட்டிருக்கிறார்கள். எந்தப் போர்ட்டில் 4 கே படம் வினாடிக்கு எத்தனை முறை போகும், திரை உண்மையில் எத்தனை ஹெர்ட்ஸ், கேம் மோடில் தாமதம் எத்தனை மில்லிவினாடி என்று கூடுதலாக ஒரு வரி அச்சிடுவதற்கு என்ன தடை? 'எச்டிஎம்ஐ 2.1' என்று மட்டும் போட்டால் போதாது என்பதையும் சொல்ல வேண்டும். 2.1-இன் புதிய வசதிகள் எதுவும் கட்டாயமில்லை என்பதால், 2.0-இன் திறன் மட்டுமே உள்ள பெட்டியும் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ள இடமிருக்கிறது. எண்ணிக்கையாகவே அச்சிட வேண்டும், தமிழிலும் அச்சிட வேண்டும்.

கடைக்காரர்களிடமும் ஒன்று கேட்கிறேன். காட்சிக்கு வைத்திருக்கும் பெட்டிகளில் எப்போதும் பூவும் கடலும்தான் ஓடுகின்றன. ஒரே ஒரு கம்ப்யூட்டரைப் பக்கத்தில் வையுங்கள், அல்லது வாடிக்கையாளர் மடிக்கணினியைக் கொண்டுவந்தால் மாட்டிப் பார்க்க விடுங்கள். ஐந்து நிமிடத்தில் எல்லாம் தெரிந்துவிடும்.

அரசு சட்டம் போடும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. விளம்பரம் தங்கள் பக்கத்தில்தான் வருகிறது. தாங்கள் விளம்பரதாரர்களிடம் கேட்டால் அவர்கள் அந்த வரியைச் சேர்ப்பார்கள் என்று நம்புகிறேன். பக்கத்து வீட்டுக்காரர் பொங்கலுக்கு வாங்கப் போகிறார்; அவர் வீட்டிலும் இரண்டு பிள்ளைகள், ஒரு கம்ப்யூட்டர். எதை வாங்கலாம் என்று என்னிடம் கேட்டார். அவருக்காகச் சென்ற வாரம் மூன்று கடைகளில் ஏறி இறங்கிவிட்டேன், ஒரு அட்டைப்பெட்டியிலும் விடையில்லை. பொங்கலுக்குள் தங்கள் விளம்பரப் பக்கத்தில் அந்த வரி வந்தால், அதைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு அவரோடு நானே கடைக்குப் போவேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சினிமா ஆபரேட்டர்,
போடிநாயக்கனூர்.