வாய்க்காலில் விழுந்த பந்து: காவிரிப் படுகையின் உடற்கல்வி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் பிள்ளைகளுக்கு விளையாட்டுப் பயிற்சி அளிக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கு வணக்கம்.

கும்பகோணம் பகுதியில் 31 ஆண்டுகள் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். டென்னிஸ் வீரர் ஆந்த்ரே அகாசி 2009ஆம் ஆண்டு வெளியிட்ட ‘ஓப்பன்’ என்ற தன்வரலாற்றைச் சென்ற மாதம் படித்து முடித்ததிலிருந்து, உங்களுக்கு எழுத வேண்டும் என்ற எண்ணம் என்னை விடவில்லை.

கிராண்ட்ஸ்லாம் எனப்படும் டென்னிஸின் நான்கு பெரும் போட்டிகளில் எட்டு ஒற்றையர் பட்டங்களும் 1996 அட்லாண்டா ஒலிம்பிக் தங்கமும் வென்ற அவர், டென்னிஸைத் தாம் வெறுத்ததாக நூலின் தொடக்கத்திலேயே எழுதுகிறார். ஏன் என்பதை ஏழு வயதுப் பையனாக நின்று சொல்கிறார். லாஸ் வேகாஸ் வீட்டின் பின்புறம் ஆடுகளம் அமைத்தவர், ஈரானுக்காக 1948, 1952 ஒலிம்பிக் போட்டிகளில் குத்துச்சண்டை போட்ட அவருடைய தந்தை. டிராகன் எனப்பட்ட பந்து வீசும் இயந்திரத்தையும் அவரே மாற்றியமைத்து, மகனுக்கு எதிரே நிறுத்தியிருந்தார். நாளொன்றுக்கு 2,500 பந்துகள் அடித்தால் ஆண்டுக்குப் பத்து லட்சத்தை நெருங்கும். அத்தனை பந்து அடித்த பிள்ளையை எவராலும் வெல்ல முடியாது என்பது தந்தையின் கணக்கு. கை ஓய்ந்துபோனால் பையன், மட்டையின் விளிம்பில் பட்டுத் தவறியதைப் போல ஒலிக்கும்படி அடித்து, பந்தை வேலிக்கு வெளியே அனுப்பிவிடுவான். அதில் அவனுக்குக் கிடைத்தது சிறிது நேர ஓய்வு.

அந்த இடத்தில் மேலே படிக்க முடியாமல் புத்தகத்தை மூடி வைத்தேன். என்னிடம் பயின்ற ஒரு மாணவன் நினைவுக்கு வந்தான். எங்கள் ஆடுகளத்தை ஒட்டி ஒரு வாய்க்கால் ஓடும். மாலைப் பயிற்சியில் அவன் அடிக்கும் பந்து அடிக்கடி அதில் போய் விழும். செருப்பைக் கரையில் கழற்றிவிட்டு, காட்டாமணக்கை விலக்கிக்கொண்டு மெதுவாக இறங்கி, நனைந்த பந்தைச் சட்டையில் துடைத்தபடி அவன் திரும்பி வருவான். அவனுடைய தந்தை, குறுவை விற்ற பணத்தில் மட்டை வாங்கிக் கொடுத்தவர், டிவிஎஸ் ஃபிஃப்டியை நிறுத்திவிட்டு அங்கேயே நின்றிருப்பார். கவனக்குறைவு என்று முடிவுகட்டி, ஒவ்வொரு பந்துக்கும் மைதானத்தை ஐந்து சுற்று ஓடவைத்தேன். பத்தாம் வகுப்போடு மட்டையை வைத்தவன் பிறகு அதைத் தொடவே இல்லை. அவனுக்குக் களைப்பா, வெறுப்பா என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. அது என் தவறு.

கண்டிப்பு இல்லாமல் எட்டுப் பட்டம் வந்திருக்குமா என்று உங்களில் சிலர் கேட்கக்கூடும். அதே தந்தையின் பிடியில்தான் அகாசிக்கு முன் பிறந்த மூவரும் மட்டை பிடித்தார்கள். அவர்கள் எவரும் அந்த உயரத்தை எட்டவில்லை என்பதை நாம் கணக்கில் சேர்ப்பதே இல்லை. வென்றவரின் நிலையும் அப்படி ஒன்றும் நிம்மதியாக இல்லை. 1990 பிரெஞ்சு ஓப்பன் இறுதி ஆட்டத்தில் பொய்முடி கழன்றுவிடக் கூடாது என்று வேண்டிக்கொண்டு ஆடியதையும், 1997இல் போதைப்பொருள் சோதனையில் சிக்கியபோது பொய்க் கடிதம் எழுதித் தப்பியதையும் அவரே எழுதியிருக்கிறார். அதே ஆண்டு தரவரிசையில் 141ஆம் இடத்துக்குச் சரிந்து, சிறிய போட்டிகளிலிருந்து மீண்டும் தொடங்கி, 1999இல் முதலிடத்தைப் பிடித்தார். அந்தக் காலத்தில் அவருக்குத் துணை நின்றவர் உடற்பயிற்சியாளர் கில் ரேயஸ். அகாசியின் உடலுக்கு ஏற்ற கருவிகளைத் தாமே வடிவமைத்தவர் அவர். அகாசி தம் மகனின் பெயரில் ‘கில்’ என்பதைச் சேர்த்திருக்கிறார். நம் தொழிலைச் சேர்ந்த ஒருவருக்கு இதைவிடப் பெரிய விருது இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

அரசுப் பணியில் 3 விழுக்காடு விளையாட்டு ஒதுக்கீடு இருப்பதும், நெல்லை மட்டும் நம்பி வாழ முடியாத பெற்றோர் அதை எண்ணிப் பிள்ளைகளை விடியற்காலையில் மைதானத்துக்கு அழைத்து வருவதும் எனக்குத் தெரியும். அந்தப் பெற்றோரை நான் குறை சொல்லவில்லை. உங்களிடம்தான் கேட்கிறேன்: பருவத்துக்கு ஒருமுறையாவது, தந்தையும் தாயும் உடன் இல்லாத நேரத்தில், பிள்ளையைத் தனியே உட்காரவைத்து இந்த ஆட்டம் பிடித்திருக்கிறதா என்று கேளுங்கள், இல்லை என்று சொன்னால், அதைப் பெற்றோரிடம் எடுத்துச் சொல்லும் பொறுப்பை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். வாரத்தில் ஒரு நாள் முழு ஓய்வு கொடுங்கள். பந்தை எடுக்க வாய்க்காலில் இறங்கிய பிள்ளையை விசில் ஊதி விரட்டாதீர்கள். அவன் மெதுவாகவே வரட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
கும்பகோணம் வட்டம்.