பாட்டில் மாட்டும் முன் ஒரு கேள்வி: வடசென்னையின் டாக்டர்களுக்கும் செவிலியர்களுக்கும் திறந்த மடல்

வணக்கம்.

திருவொற்றியூரிலிருந்து வியாசர்பாடி வரை தெருமுனை கிளினிக்கில் உட்காரும் டாக்டர்கள், நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவ அலுவலர்கள், இரவுப் பணி செவிலியர்கள், ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீடு வீடாக மாத்திரை கொண்டுபோகும் தன்னார்வலர்கள், மருந்துக்கடைக்காரர்கள் எல்லோருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறோம். எடை குறைய இரைப்பை ஆபரேஷன் செய்துகொண்டவர்களின் சாப்பாட்டோடும் மருந்துச் சீட்டோடும் தினமும் பழகுகிறவர்கள் நாங்கள்.

ஆபரேஷன் ஊரின் ஏதோ ஒரு மூலையில் நடக்கிறது. சில நாளில் டிஸ்சார்ஜ். பிறகு வரும் வாந்தியும் வயிற்றுவலியும் மயக்கமும் ராத்திரி பதினோரு மணிக்குக் கொருக்குப்பேட்டையிலோ தண்டையார்பேட்டையிலோ உங்கள் வாசலுக்குத்தான் வந்து சேரும். வந்தவர் ஆபரேஷனைப் பற்றி வாயே திறக்க மாட்டார். சொந்தக்காரர்களிடம் ‘ஹெர்னியா’ என்று சொல்லி வைத்திருப்பார். வயிற்றில் இருப்பதும் நான்கைந்து சின்னத் தழும்புகள்தான். அதனால் கேட்க வேண்டியது நீங்கள். கூட வந்தவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, “எடை குறைய வயித்துல ஆபரேஷன் ஏதாவது பண்ணிக்கிட்டீங்களா? எப்போ? ஸ்லீவா, பைபாஸா?” என்று கேளுங்கள். ஸ்லீவ் என்றால் இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்து, மிச்சத்தைக் குழாய் மாதிரி ஆக்கியிருப்பார்கள். பைபாஸ் என்றால் 30 மில்லி பிடிக்கிற சின்னப் பை ஒன்றை மட்டும் விட்டு, அதைச் சிறுகுடலில் நேராக இணைத்திருப்பார்கள். இந்த ஒரு பதிலில் நீங்கள் போடப்போகிற ஊசியே மாறிவிடும்.

முதலில் பாட்டில் விஷயம். “ரெண்டு வாரமா எது தின்னாலும் வாந்தி, ஒரு பாட்டில் போட்டுடுங்க டாக்டர்” என்று வருகிறவருக்குக் கையில் கிடைத்த டி.என்.எஸ். (குளுக்கோஸ் கலந்த சலைன்) பாட்டிலை மாட்டுவது நம் ஊர் வழக்கம். இவர்களுக்கு அது ஆபத்து. தயமின் என்கிற வைட்டமின் பி1 உடம்பில் இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் இருப்பு நிற்காது. சாப்பாடு இறங்காமல், மாத்திரையும் தங்காமல் போனால் அதற்குள் தீர்ந்துவிடும். குளுக்கோஸை எரிக்க மூளைக்குத் தயமின் வேண்டும். தயமின் இல்லாத உடம்பில் குளுக்கோஸை ஏற்றினால், ஒட்டிக்கொண்டிருக்கிற கடைசித் துளியும் செலவாகி, வெர்னிக்கி என்கிற மூளைப் பாதிப்பு வந்து நிற்கலாம். குடிப்பவர்களுக்குத்தான் இது வரும் என்ற எண்ணம் பலரிடம் இருக்கிறது. கார்ல் வெர்னிக்கி 1881-ல் விவரித்த முதல் மூன்று நோயாளிகளில் ஒருவர், அமிலம் குடித்து இரைப்பையின் வெளிவாசல் சுருங்கி ஓயாமல் வாந்தி எடுத்த இளம்பெண். இன்று ஸ்லீவ் செய்து வாந்தி நிற்காமல் வருகிறவரின் நிலையும் அதற்கு வெகு பக்கம்.

பார்ப்பதற்கு இரண்டு நிமிடம் போதும். விரலை அவர் முகத்துக்கு நேரே பிடித்து இடமும் வலமுமாக மெதுவாக நகர்த்துங்கள். கருவிழி ஓரத்துக்குப் போகும்போது துள்ளுகிறதா? ஒன்று இரண்டாகத் தெரிகிறதா? எழுந்து நாலு அடி நடக்கச் சொல்லுங்கள். காலை அகட்டி வைத்து, சுவரைத் தேடிக் கை போகிறதா? இன்று என்ன கிழமை என்று கேட்டால் தடுமாறுகிறாரா? கண், நடை, குழப்பம் மூன்றும் ஒன்றாக வரும் என்று காத்திருக்காதீர்கள், பெரும்பாலும் வராது. ஒன்று இருந்தாலே சிகிச்சையைத் தொடங்கிவிட வேண்டும்.

திரவம் வேண்டுமென்றால் நார்மல் சலைன் அல்லது ஆர்.எல். (ரிங்கர் லாக்டேட்) போடுங்கள். தயமின் 200 மில்லிகிராமைச் சலைனில் கலந்து அரை மணி நேரத்தில் ஏற்றுங்கள், நாளுக்கு மூன்று வேளை. கண்ணிலோ நடையிலோ நினைவிலோ மாற்றம் இருந்தால் வேளைக்கு 500 மில்லிகிராம், பெரிய மருத்துவமனைக்கும் அனுப்பியாக வேண்டும். குளுக்கோஸ் அதற்குப் பிறகுதான். விரல் நுனி சோதனையில் சர்க்கரை நிஜமாகவே 70-க்குக் கீழே இருந்தால் மட்டும் குளுக்கோஸைத் தள்ளிப்போடாமல், தயமினையும் கூடவே போடுங்கள். கலப்பு வைட்டமின் ஊசி போட்டுவிட்டோமே என்று திருப்திப்படும் முன் ஆம்ப்யூலைத் திருப்பி அளவைப் பாருங்கள். சிலவற்றில் தயமின் வெறும் 10 மில்லிகிராம்தான். வாந்தியில் மக்னீசியமும் போயிருக்கும். அதைச் சரிசெய்யாவிட்டால் தயமினும் சரியாக வேலை செய்யாது.

அடுத்தது வலி ஊசி. இடுப்புவலி, பல்வலி என்று வருகிறவருக்கு டைக்ளோஃபெனாக் போடும் கை பைபாஸ் செய்தவரிடம் நின்றாக வேண்டும். இரைப்பைப் பையும் குடலும் சேரும் தையலில் புண் உண்டாக்குவதில் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வகைக்கும் பீடி சிகரெட்டுக்கும் பெரிய பங்கு. புண் ஆழமானால் ரத்தம் கசியும், ஓட்டை விழும். ஊசியாகப் போட்டால் வயிற்றைத் தொடாது என்பது தவறு. இந்த மருந்து ரத்தத்தின் வழியாகவே இரைப்பையின் பாதுகாப்பைக் குறைக்கிறது. பாராசிட்டமால் கொடுங்கள். மருந்துக்கடைக்காரர்களுக்கும் இதுதான் வேண்டுகோள்: சீட்டில்லாமல் வலி மாத்திரை கேட்பவரிடம் அந்த ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

ஆபரேஷன் முடிந்து ஒரு மாதத்துக்குள் வருகிறவரிடம் முதலில் நாடியைப் பிடியுங்கள். நிமிடத்துக்கு 120-க்கு மேல் ஓடினால், வயிறு மெத்தென்று இருந்தாலும் நம்பாதீர்கள். பருத்த உடம்பில் வயிறு இறுகாது. தையல் கசிவின் முதல் அடையாளம் பல நேரம் அந்த நாடித் துடிப்பு மட்டுமே. இடது தோள்பட்டை வலி, காய்ச்சல், மூச்சு வாங்குவது கூட இருந்தால் சொல்லவே வேண்டாம். மூச்சு வாங்குவதற்கு நுரையீரலில் ரத்தக்கட்டி அடைத்ததும் காரணமாக இருக்கலாம். இரண்டுமே கிளினிக்கில் வைத்துப் பார்க்கிற விஷயமில்லை. 108-ஐக் கூப்பிட்டு, சி.டி. ஸ்கேனும் அறுவை அரங்கும் உள்ள இடத்துக்கு அனுப்புங்கள். ஸ்டான்லி அரசு மருத்துவமனை பக்கத்தில்தான் இருக்கிறது. அனுப்பும் முன் மூக்கு வழியாகக் குழாயைக் கண்மூடித்தனமாகத் தள்ள வேண்டாம். புதுத் தையலை அது கிழித்துவிடும்.

பைபாஸ் செய்து ஒன்றிரண்டு வருடம் கழித்து, எடை நன்றாக இறங்கியவர் சாப்பிட்ட பிறகு விட்டு விட்டு வரும் வலியோடு வந்தால் ‘கேஸ்’ என்று எழுதிவிடாதீர்கள். கொழுப்பு கரைந்ததும் குடலைத் தாங்கும் சவ்வில் இடைவெளி விரிந்து, அதற்குள் குடல் நுழைந்து முறுக்கிக்கொள்வது உண்டு. எக்ஸ்ரே பல நேரம் சாதாரணமாகவே இருக்கும். வலி தானாக அடங்கி, மறுநாள் திரும்பவும் வரும். அடங்காத ஒரு நாளில் சில மணி நேரத்துக்குள் குடல் அழுகிவிடும். கர்ப்பிணியாக இருந்தால் ஆபத்து இன்னும் அதிகம். வளரும் கருப்பை குடலை மேலே தள்ளும், வலியையோ எல்லோரும் பிரசவக் கணக்கில் சேர்த்துவிடுவார்கள்.

கர்ப்பிணிகள் என்றதும் இன்னொன்று. 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடிக்க வைத்து, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தச் சர்க்கரை 140-ஐ எட்டுகிறதா என்று பார்க்கும் முறை சென்னையில் டாக்டர் வி. சேஷய்யா முன்னெடுத்து நாடு முழுக்கப் போனது. லட்சக்கணக்கான பெண்களுக்கு நல்லது செய்த சோதனை. ஆனால் பைபாஸ் செய்தவர் அதைக் குடித்தால் கால் மணி நேரத்தில் படபடப்பு, வியர்வை, வயிற்றோட்டம் வரும். சர்க்கரை சட்டென்று ஏறி, பிறகு பாதாளத்துக்கு இறங்கும். அளவும் நம்பும்படி இருக்காது. அதற்குப் பதிலாக 24-லிருந்து 28 வாரத்துக்குள் ஒரு வாரம் வெறும் வயிற்றிலும் சாப்பாட்டுக்குப் பிறகும் விரல் நுனிச் சோதனை செய்து எழுதிவரச் சொல்லலாம். ஆபரேஷன் முடிந்து 12 முதல் 18 மாதம் கருத்தரிப்பைத் தள்ளிப்போடச் சொல்கிறோம். பைபாஸுக்குப் பிறகு கருத்தடை மாத்திரை சரியாக உறிஞ்சப்படும் என்று உறுதி சொல்ல முடியாது, காப்பர்-டி நம்பகமானது.

தன்னார்வத் தங்கைகளுக்கு: 2021-ல் தொடங்கிய உங்கள் திட்டத்தில் சர்க்கரை, பி.பி. மாத்திரைகள் வாசலுக்கே வருகின்றன. ஆபரேஷன் முடிந்தவருக்குச் சர்க்கரை சில நாளிலேயே இறங்கத் தொடங்கும். பழைய அளவில் கிளிமிபிரைடோ கிளிபென்கிளமைடோ போட்டுக்கொண்டே இருந்தால் தாழ் சர்க்கரையில் விழுந்துவிடுவார். எடை இறங்கி, தண்ணீரும் போதாத உடம்பில் பி.பி. மாத்திரையும் அப்படித்தான், எழுந்து நின்றால் தலை சுற்றும். மாத்திரைப் பட்டையை நீட்டும் முன் அளவு பார்த்து, பழைய அளவே தொடர்கிறது என்றால் மருத்துவ அலுவலரிடம் சொல்லிவிடுங்கள். மெதுவாகக் கரையும் எஸ்.ஆர். வகை மாத்திரைகளும் பைபாஸ் செய்தவருக்குச் சரியாகச் சேராது.

இரும்பும் கால்சியமும் ஒரே வாயில் போடுவது எங்களுக்குத் தினசரித் தலைவலி. இரண்டுக்கும் நடுவே இரண்டு மணி நேரமாவது வேண்டும். இரும்பை டீ, காபியோடு சாப்பிடக் கூடாது. கால்சியம் கார்பனேட் சேர அமிலம் வேண்டும், இவர்களுக்கு அது குறைவு. அதனால் சிட்ரேட் வகைதான் சரி, ஒரு வேளைக்கு 500 மில்லிகிராம் வீதம், நாளுக்கு 1200 முதல் 1500 வரை. பி12-ன் இருப்பு தீர வருடக்கணக்கில் ஆகும் என்பதால் பாதிப்பும் தாமதமாக வரும். உள்ளங்கால் எரிச்சல் என்று ஒருவர் வந்தால் ‘சர்க்கரை நரம்பு’ என்று முடிவுகட்டும் முன் பி12 பாருங்கள். குறை வராமல் தடுக்க மாதம் ஒரு 1000 மைக்ரோகிராம் ஊசி போதும். அதை விட்டுவிட்டு ஃபோலிக் அமிலம் மட்டும் கொடுத்தால் ரத்தம் தேறும், நரம்பு கெட்டுக்கொண்டே போகும்.

சாப்பாட்டைப் பற்றிச் சுருக்கமாக. உடம்பு சரியில்லை என்றால் கஞ்சியும் பன்னும் சொல்வது நம் பழக்கம். இவர்களுக்கு வேண்டியது நாளுக்கு 60 கிராமுக்குக் குறையாத புரதம். காசிமேடு பக்கத்திலேயே இருக்கும்போது விலை உயர்ந்த பவுடர் டப்பாவை எழுதிக்கொடுப்பது எங்களுக்கு உறுத்துகிறது. நூறு கிராம் கானாங்கெளுத்திச் சதையில் ஏறத்தாழ 19 கிராம் புரதம், முட்டையில் 6. எண்ணெயும் காரமும் குறைத்த சுறாப் புட்டு, மென்சாப்பாட்டுக் கட்டம் தாண்டியவருக்கு நன்றாக இறங்கும். பர்மா பஜார் அத்தோவின் நூடுல்ஸ் உருண்டையாகத் திரண்டு அடைக்கும், அதே கடையின் வேகவைத்த முட்டை பரவாயில்லை. சாப்பிடும்போது தண்ணீர் கூடாது, அரை மணி நேரம் கழித்து வாய் வாயாகக் குடிக்கலாம். எதைத் தின்றாலும் நெஞ்சிலேயே நிற்கிறது, தண்ணீரே இறங்கவில்லை என்றால் அது சாப்பாட்டுக் குறை இல்லை, பாதை சுருங்கியிருக்கலாம். எண்டோஸ்கோப்பிக்கு அனுப்புங்கள்.

சுகாதாரத் துறையிடமும் மாநகராட்சியிடமும் நாங்கள் கேட்பது கொஞ்சம்தான். ஒவ்வொரு நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்திலும் தனித் தயமின் ஊசி எப்போதும் இருப்பில் இருக்க வேண்டும். கர்ப்பிணிப் பதிவிலும் வீட்டு மருந்துப் பதிவிலும் ‘எடை குறைப்பு அறுவை சிகிச்சை: உண்டு / இல்லை, வகை, தேதி’ என்று ஒரு வரி சேர வேண்டும். இந்த அறுவை சிகிச்சை செய்கிற எந்த மருத்துவமனையும், டிஸ்சார்ஜ் அன்று தமிழில் அச்சடித்த ஓர் அட்டையைக் கையில் கொடுக்காமல் நோயாளியை அனுப்பக் கூடாது. ஆதார் அட்டை அளவு போதும். முன்பக்கம் ஆபரேஷனின் பெயர், தேதி, 24 மணி நேரமும் எடுக்கப்படுகிற ஒரு தொலைபேசி எண். பின்பக்கம் மூன்று வரி: குளுக்கோஸுக்கு முன் தயமின். டைக்ளோஃபெனாக் வகை வேண்டாம். கண்மூடி மூக்குக்குழாய் வேண்டாம்.

அந்த அட்டை வரும் வரை, இந்த மூன்று வரியையும் ஒரு தாளில் எழுதி, சலைன் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டிவைக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.